உளப்பகுப்பாய்வு ஆளுமைக் கோட்பாடு: அடிப்படைக் கருத்துகள் உருவான வரலாறு

உளப்பகுப்பாய்வு ஆளுமைக் கோட்பாடு என்பது, மனிதனின் குணத்தையும் நடத்தையையும் அவன் அறியாமலே அவனுக்குள் மோதிக்கொள்ளும் மன ஆற்றல்களைக் கொண்டு விளக்கும் கோட்பாடாகும். இதனை உருவாக்கியவர் வியன்னா நகரின் நரம்பியல் மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு (1856–1939). நனவிலி மனம், ஐந்து வளர்ச்சிப் பருவங்கள், இட், ஈகோ, சூப்பர் ஈகோ, தற்காப்பு உத்திகள் ஆகியவை இதன் அடிப்படைக் கருத்துகள்.

உளவியல், கல்வியியல் பாடநூல்கள் இக்கருத்துகளை அடுத்தடுத்து அட்டவணைகளாகத் தருகின்றன. அவற்றைப் படிப்பவர், இவையெல்லாம் ஒரே காலத்தில் வகுக்கப்பட்டவை என்று எண்ணக்கூடும். உண்மையில் முதல் கருத்துக்கும் கடைசிக் கருத்துக்கும் இடையே 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. முந்தைய விளக்கம் நோயாளிகளிடம் கண்டதை விளக்கப் போதாமற்போன ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கருத்து பிறந்தது. பிராய்டு தம் கோட்பாட்டைத் தாமே பலமுறை திருத்தியிருக்கிறார். ஆகவே இக்கருத்துகளை அவை தோன்றிய வரிசையில் காண்பதே அவற்றைப் புரிந்துகொள்ள எளிய வழியாகும்.

தொடக்கச் சூழல்

பிராய்டு 1856 மே 6 அன்று, அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்ததும் இன்று செக் நாட்டில் உள்ளதுமான பிரைபர்க் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அவருடைய நான்காம் வயதில் குடும்பம் வியன்னாவில் குடியேறியது. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1881இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோது எர்ன்ஸ்ட் புரூக்கே என்னும் உடலியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார். உயிரினத்துள் நிகழும் அனைத்தையும் இயற்பியல், வேதியியல் விசைகளால் விளக்க வேண்டும் என்பது அந்த ஆய்வுக்கூடத்தின் கொள்கை. மன ஆற்றல், அதன் தேக்கம், அதன் வெளியேற்றம் எனப் பிராய்டு பிற்காலத்தில் பேசிய மொழி இங்கிருந்து வந்ததே.

அக்காலத்தில் மருத்துவர்களைத் திணறவைத்த நோய் ஹிஸ்டீரியா. கை கால் செயலிழக்கும், பேச்சு நின்றுபோகும், பார்வை மங்கும். ஆனால் உடலைச் சோதித்தால் எந்தக் குறையும் தென்படாது. பலர் இதனை நடிப்பு என்று ஒதுக்கினர். பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்னும் நரம்பியல் அறிஞர், அறிதுயில் நிலையில் இத்தகைய அறிகுறிகளைத் தோற்றுவிக்கவும் நீக்கவும் முடியும் என்று காட்டிவந்தார். 1885–86இல் சில மாதங்கள் அவரிடம் பயின்ற பிராய்டு, ஓர் எண்ணம் உடலை முடக்க முடியும் என்ற புரிதலோடு வியன்னா திரும்பினார்.

வியன்னாவில் அவருடைய மூத்த நண்பர் ஜோசப் பிராயர், 1880 முதல் 1882 வரை இளம்பெண் ஒருவருக்குச் சிகிச்சை அளித்திருந்தார். மருத்துவ நூல்களில் அவர் அன்னா ஓ. என்று அழைக்கப்படுகிறார். ஓர் அறிகுறி முதன்முதலில் எப்போது தோன்றியது என்பதை அவர் நினைவுகூர்ந்து, அப்போதைய உணர்ச்சியோடு சொல்லிவிட்டால் அந்த அறிகுறி மறைந்தது என்று பிராயர் பதிவு செய்தார். இதற்குப் ‘பேச்சுச் சிகிச்சை’ என்று பெயர் வைத்தவரே அந்தப் பெண்தான். பிராயரும் பிராய்டும் இணைந்து எழுதிய ‘ஹிஸ்டீரியா குறித்த ஆய்வுகள்’ 1895இல் வெளிவந்தது. அன்னா ஓ. முழுமையாகக் குணமடைந்துவிடவில்லை என்பதும், பிராயரின் சிகிச்சை முடிந்த பின்னர் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார் என்பதும் பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தன. எனினும் நோயாளி பேச, மருத்துவர் கேட்கும் முறை இங்குதான் தொடங்கியது.

ஒடுக்குதல்: கோட்பாட்டின் முதற்கல்

அந்நூலில் எலிசபெத் என்ற புனைபெயரில் இடம்பெறும் 24 வயதுப் பெண்ணின் வரலாறு, பிராய்டின் அடிப்படைக் கருத்துகள் பலவற்றை ஒருங்கே காட்டுகிறது. 1892 இலையுதிர்காலத்தில் அவர் பிராய்டிடம் வந்தபோது, கால் வலியால் நடக்கவும் நிற்கவும் இயலாத நிலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்திருந்தது. நோயுற்ற தந்தைக்கு நெடுநாள் பணிவிடை செய்தவர் அவர். தந்தையின் வீங்கிய காலைத் தம் வலது தொடைமேல் வைத்து நாள்தோறும் கட்டு மாற்றுவார். வலி தொடங்கும் இடமும் அதுவே. தந்தை இறந்த சில காலத்திற்குப்பின் அவருடைய அக்காளும் கருவுற்றிருந்த நிலையில் இதய நோயால் இறந்தார்.

பிராய்டு அவருடைய நெற்றியைக் கையால் அழுத்தி, மனத்தில் தோன்றுவதைச் சொல்லுமாறு கேட்பார். சிலவேளை எதுவும் தோன்றவில்லை என்பார். மீண்டும் மீண்டும் கேட்டால், முதல் முறையே தோன்றியது, சொல்ல மனம் வரவில்லை என்பார். நினைவு மறைந்துபோகவில்லை, ஏதோ ஒன்று அதை வெளிவராமல் தடுக்கிறது என்று பிராய்டு கண்டார். இதுவே ‘எதிர்ப்பு’ என்னும் கருத்து. இறுதியில் ஒரு நினைவு வந்தது. அக்காளின் உயிரற்ற உடலருகே நின்றபோது, இனி அக்காள் கணவர் தம்மை மணந்துகொள்ளத் தடையில்லை என்ற எண்ணம் மின்னலாகத் தோன்றி மறைந்ததாம்.

பிராய்டின் விளக்கம் இது: அக்காள் கணவர்மீது கொண்ட அன்பு, அந்தப் பெண்ணின் ஒழுக்க உணர்வால் ஏற்க முடியாததாக இருந்தது. மனம் அதனை நனவிலிருந்து தள்ளிவிட்டது. தள்ளப்பட்ட விருப்பம் அழியாமல் உடல்வலியாக உருமாறியது. ஏற்க முடியாத எண்ணத்தை மனம் தானறியாமலே புறந்தள்ளும் இச்செயலே ‘ஒடுக்குதல்’. அறிந்தே ஓர் ஆசையை அடக்கிக்கொள்வதிலிருந்து இது வேறுபட்டது. ஒடுக்கியவருக்குத் தாம் ஒடுக்கியதே தெரியாது.

இவ்விளக்கத்தைக் கேட்டதும் அந்தப் பெண் உரக்க அழுதார். அது உண்மையன்று, மருத்துவர்தாம் அதைத் தம் மனத்தில் புகுத்திவிட்டார் என்று மறுத்தார். இதைப் பதிவு செய்திருப்பவர் பிராய்டேதான். வலி நீங்கியது, 1894இல் ஒரு நடன நிகழ்ச்சியில் அவர் சுழன்றாடுவதைப் பிராய்டு நேரில் கண்டார். ஆனால் பல ஆண்டுகளுக்குப்பின் தம் மகளிடம் பேசியபோதும், அக்காள் கணவரைத் தாம் காதலித்ததாக அந்த மருத்துவர் நம்பவைக்க முயன்றார், அது உண்மையல்ல என்றே அவர் கூறினார். நோயாளியின் மறுப்பு, ஒடுக்குதலுக்குச் சான்றா, விளக்கம் தவறு என்பதற்குச் சான்றா? கோட்பாட்டின் முதல் நாளிலேயே எழுந்த இக்கேள்வி, அதன் வரலாறு முழுவதும் தொடர்கிறது.

நோயாளிகளின் பேச்சே முறையையும் மாற்றியது. எம்மி என்ற புனைபெயரில் குறிப்பிடப்படும் மற்றொரு நோயாளி, கேள்விமேல் கேள்வி கேட்காமல் தாம் சொல்ல வந்ததைச் சொல்லவிடுமாறு 1889இல் பிராய்டிடம் கூறியிருந்தார். படிப்படியாக அறிதுயிலும் நெற்றியை அழுத்தும் முறையும் கைவிடப்பட்டன. மனத்தில் தோன்றுவதை எல்லாம் தேர்ந்தெடுக்காமல், தணிக்கை செய்யாமல் சொல்லும் ‘கட்டற்ற தொடர்பு முறை’ அவற்றின் இடத்தைப் பிடித்தது.

1897ஆம் ஆண்டுத் திருப்பம்

குழந்தைப் பருவத்தில் நேர்ந்த பாலியல் வன்முறையே ஹிஸ்டீரியாவுக்குக் காரணம் என்று 1896இல் பிராய்டு வாதிட்டார். மறு ஆண்டு செப்டம்பர் 21 அன்று நண்பர் வில்ஹெல்ம் பிளீசுக்கு எழுதிய கடிதத்தில், அக்கொள்கையில் தமக்கு நம்பிக்கை போய்விட்டது என்று தெரிவித்தார். நனவிலி மனத்தில் உண்மை நிகழ்வையும் ஆசையால் புனைந்த கற்பனையையும் பிரித்தறிய வழியில்லை என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. இதற்கு முந்தைய ஆண்டு தந்தையை இழந்திருந்த பிராய்டு, அப்போது தம் கனவுகளையே ஆராய்ந்துகொண்டிருந்தார். அடுத்த மாதமே, தாயிடம் ஈர்ப்பும் தந்தையிடம் பொறாமையும் குழந்தைப் பருவத்தின் பொதுநிகழ்வு என்று எழுதினார். பின்னர் ‘ஈடிபஸ் சிக்கல்’ எனப் பெயர் பெற்ற கருத்தின் தொடக்கம் இது.

இத்திருப்பம் உளப்பகுப்பாய்வுக்கு அகவுலகைத் திறந்துவிட்டது. அதேவேளை அதன் விலையும் பெரிது. குழந்தைகளுக்கு உண்மையில் இழைக்கப்பட்ட கொடுமைகளைக் கற்பனை என்று மருத்துவர்கள் புறக்கணிக்க இது வழிசெய்தது என்ற குற்றச்சாட்டு 1980களில் வலுவாக எழுந்தது. குழந்தைகள்மீதான வன்முறை நிகழவே இல்லை என்று பிராய்டு எந்நாளும் கூறவில்லை. எனினும் அவருடைய கோட்பாட்டின் எடை நிகழ்விலிருந்து விருப்பத்தின் பக்கம் சாய்ந்தது என்பது மறுக்கமுடியாதது.

கனவும் மனத்தின் மூன்று தளங்களும்

1899 நவம்பரில் வெளிவந்து, 1900 என்று ஆண்டு அச்சிடப்பட்ட ‘கனவுகளின் விளக்கம்’ பிராய்டின் தலையாய நூல். அச்சிட்ட 600 படிகள் விற்றுத்தீர எட்டு ஆண்டுகள் ஆயின. கனவு என்பது ஒடுக்கப்பட்ட விருப்பத்தின் மாறுவேட நிறைவேற்றம் என்று இந்நூல் கூறியது. விழித்தபின் நினைவிருக்கும் கதை கனவின் வெளிப்படை உள்ளடக்கம். அதன் பின்னுள்ள விருப்பம் மறைபொருள். பல எண்ணங்களை ஓருருவாகச் சுருக்குதல், முக்கியமானதன் அழுத்தத்தை அற்பமானதற்கு மாற்றுதல் ஆகிய வழிகளில் மறைபொருள் வேடமிடுகிறது.

இந்நூலின் கடைசி இயல், மனத்தை மூன்று தளங்களாகப் பிரித்துக் காட்டியது. இக்கணத்தில் அறிந்திருப்பது நனவு. இப்போது கவனத்தில் இல்லாவிட்டாலும் முயன்றால் நினைவுக்கு வரக்கூடியது முன்நனவு. பழைய பள்ளித் தோழனின் பெயர் இத்தகையது. எவ்வளவு முயன்றாலும் நேரடியாக எட்ட முடியாமல், ஆனால் நடத்தையை இயக்கிக்கொண்டே இருப்பது நனவிலி. பாடநூல்கள் இதனைக் கடலில் மிதக்கும் பனிப்பாறையாக வரைகின்றன. பிராய்டு தம் சொற்பொழிவில் தந்த உவமை வேறு. பெரிய முன்கூடத்தில் எண்ணங்கள் கூட்டமாக நெருக்கியடிக்கின்றன. அடுத்த சிறிய அறையில் நனவு அமர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே நிற்கும் வாயிற்காவலன், வேண்டாதவரைத் திருப்பி அனுப்புகிறான். பனிப்பாறை அசையாமல் கிடக்கும். முன்கூடமோ ஓயாமல் முட்டிக்கொண்டிருக்கும். பிராய்டு வலியுறுத்தியது இந்த முட்டலையே. நாத்தவறு, பெயர் மறதி, கைத்தவறு போன்ற அன்றாடப் பிழைகளும் காவலனின் கண்ணில் மண் தூவி வெளியேறும் எண்ணங்களே என்று 1901இல் அவர் எழுதினார்.

உளப்பாலியல் பருவங்கள்

1905இல் வெளிவந்த ‘பாலியல் கோட்பாடு பற்றிய மூன்று கட்டுரைகள்’ என்னும் சிறுநூல் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. பாலுணர்வு பருவ வயதில் திடீரென வருவதன்று, அதன் வேர் குழந்தைப் பருவத்தில் உள்ளது என்பது இதன் மையக் கருத்து. ‘பாலியல்’ என்ற சொல்லைப் பிராய்டு உடலின்பம் முழுவதையும் குறிக்கும் அகன்ற பொருளில் கையாண்டார். அதன் உந்தாற்றலுக்கு லிபிடோ என்று பெயர். அது வளரும் வழியில் உடலின் வெவ்வேறு இடங்களில் மையம் கொள்கிறது.

முதலாவது வாய்வழிப் பருவம். பாலுண்ணும் குழந்தை உறிஞ்சுவதிலும் கடிப்பதிலும் இன்பம் காண்கிறது. இரண்டாவது குதவழிப் பருவம். மலம் கழிப்பதைக் கட்டுப்படுத்தப் பழகும்போது, பெற்றோரின் விருப்பத்தோடு குழந்தையின் விருப்பம் முதன்முறையாக நேருக்கு நேர் மோதுகிறது. மூன்றாவது பாலுறுப்புப் பருவம். ஈடிபஸ் சிக்கல் தோன்றுவது இங்கே. ஏறத்தாழ பள்ளி செல்லும் வயதில் வரும் மறைநிலைப் பருவத்தில் இவ்வுந்தல்கள் அடங்கியிருக்கின்றன. இறுதியில் பூப்பெய்தும் காலத்தில் முதிர்ச்சிப் பருவம் தொடங்குகிறது. ஒரு பருவத்தில் மிகுந்த ஏமாற்றமோ மிகுந்த நிறைவோ ஏற்பட்டால் லிபிடோவின் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும். இது ‘நிலைப்பாடு’ எனப்படும்.

ஐந்து பருவங்களின் அட்டவணையும் ஒரே நாளில் வரையப்பட்டதன்று. குதவழி அமைப்பு பற்றிய கருத்து 1913இலும், வாய்வழி அமைப்பு 1915ஆம் ஆண்டுப் பதிப்பிலும், பாலுறுப்புப் பருவம் 1923இலும் சேர்க்கப்பட்டன. அட்டவணை நிறைவுற 18 ஆண்டுகள் ஆயின.

இட், ஈகோ, சூப்பர் ஈகோ

முதல் உலகப் போருக்குப்பின் பிராய்டு தம் கோட்பாட்டின் அடித்தளத்தையே மாற்றினார். போரிலிருந்து திரும்பிய வீரர்கள், தம்மை நடுங்கவைத்த காட்சிகளையே மீண்டும் மீண்டும் கனவில் கண்டனர். கனவு விருப்பத்தின் நிறைவேற்றம் என்றால், இக்கனவுகள் எந்த விருப்பத்தை நிறைவேற்றுகின்றன? இக்கேள்வியோடு 1920இல் அவர் எழுதிய நூல், வாழ்வுந்தலோடு சாவுந்தல் ஒன்றும் மனிதனில் உண்டு என்று முன்மொழிந்தது. பிராய்டின் சீடர்களிலேயே பலர் இதனை ஏற்கவில்லை.

மற்றொரு சிக்கல் சிகிச்சை அறையில் எழுந்தது. நோயாளிகளின் ‘எதிர்ப்பு’, ஒடுக்கும் பகுதியிலிருந்து வருகிறது. அப்பகுதி நனவின் பக்கத்தைச் சேர்ந்தது என்பது பழைய விளக்கம். ஆனால் தாம் எதிர்ப்பதே நோயாளிகளுக்குத் தெரியவில்லை. இன்னும் சிலர், குணமாகத் தொடங்கியதும் முன்னிலும் மோசமடைந்தனர். குணமடையத் தாம் தகுதியற்றவர் என்று அவர்களுக்குள் ஏதோ ஒன்று தீர்ப்பளித்ததுபோல இருந்தது. ஒடுக்கப்பட்டது மட்டுமன்றி, ஒடுக்குவதும் குற்றம் சாட்டுவதும்கூட நனவிலியாக இருக்கின்றன என்றால், நனவு, நனவிலி என்ற பிரிவு மட்டும் போதாது. 1923இல், தம் 67ஆம் வயதில், பிராய்டு புதிய அமைப்பை முன்வைத்தார்.

அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொற்கள் மிக எளியவை. ‘அது’, ‘நான்’, ‘மேல்-நான்’ என்பதே அவற்றின் நேர்ப்பொருள். ‘அது’ என்ற சொல்லை ஜார்ஜ் குரோடெக் என்ற மருத்துவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகப் பிராய்டே குறிப்பிட்டுள்ளார். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இவற்றுக்கு லத்தீன் வடிவம் தந்ததால் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்ற கலைச்சொற்கள் உலகெங்கும் பரவின.

இட் பிறவியிலேயே உள்ளது. உடனடி நிறைவே அதன் நாட்டம். காலம், முரண்பாடு, நன்மை தீமை எதுவும் அது அறியாது. இது ‘இன்ப நெறி’. ஈகோ, புறவுலகின் தாக்கத்தால் இட்டிலிருந்து பிரிந்து உருவாகும் பகுதி. எப்போது, எவ்வழியில் ஒரு விருப்பத்தை நிறைவேற்றலாம் என்று அது கணக்கிடுகிறது. இது ‘நடப்பு நெறி’. சூப்பர் ஈகோ, ஈடிபஸ் சிக்கல் முடியும் காலத்தில் பெற்றோரின் கட்டளைகள் மனத்துக்குள் குடியேறுவதால் உண்டாவது. மனச்சாட்சியும், இப்படி இருக்க வேண்டும் என்ற இலட்சியமும் இதனுள் அடங்கும். ஈகோ குதிரையை ஓட்டுபவரைப் போன்றது. ஆனால் பலநேரம் குதிரை போக விரும்பும் பக்கமே செலுத்தவேண்டியிருக்கிறது என்பது பிராய்டின் உவமை.

எலிசபெத்தின் கதையை இப்புதிய மொழியில் சொல்லிப்பார்க்கலாம். விருப்பம் இட்டிலிருந்து எழுந்தது. சூப்பர் ஈகோ அதனைக் கொடிய குற்றமாகத் தீர்மானித்தது. நடுவில் சிக்கிய ஈகோ, விருப்பத்தையும் தண்டனையையும் ஒருங்கே ஒரு கால்வலியாக மாற்றி இருவரையும் சமாதானப்படுத்தியது. இம்மூன்றும் மூளையின் மூன்று பாகங்கள் அல்ல. மனம் இயங்கும் மூன்று விதங்கள்.

பதற்றமும் தற்காப்பு உத்திகளும்

ஒடுக்கப்பட்ட லிபிடோவே பதற்றமாக மாறுகிறது என்று நெடுங்காலம் கூறிவந்த பிராய்டு, 1926இல் அதனைத் தலைகீழாக்கினார். பதற்றம் முதலில் வருகிறது. அது ஈகோவுக்குக் கிடைக்கும் அபாய அறிவிப்பு. அதனால்தான் ஈகோ ஒடுக்குகிறது என்றார். புறவுலக ஆபத்தால் வருவது நடப்புப் பதற்றம். இட் கட்டுமீறும் என்ற அச்சத்தால் வருவது நரம்புநோய்ப் பதற்றம். சூப்பர் ஈகோவின் தண்டனைக்கு அஞ்சுவதால் வருவது ஒழுக்கப் பதற்றம்.

பதற்றத்தைத் தணிக்க ஈகோ கையாளும் வழிகளை அவருடைய மகள் அன்னா பிராய்டு 1936இல் தனி நூலாகத் தொகுத்தார். தன் வெறுப்பைப் பிறர்மேல் ஏற்றி, அவர் தன்னை வெறுப்பதாக எண்ணுவது புறத்தெறிதல். மேலதிகாரியிடம் காட்ட முடியாத கோபத்தை வீட்டில் காட்டுவது இடமாற்றம். உள்ளூர வெறுப்பவரிடம் அளவுகடந்த அன்பு காட்டுவது எதிர்வினை ஆக்கம். தம்பி பிறந்ததும் மூத்த குழந்தை மீண்டும் விரல் சூப்புவது பின்னோக்கம். ஆற்றலைக் கலை, ஆய்வு, தொண்டு போன்ற சமூகம் மதிக்கும் செயல்களில் செலுத்துவது உயர்வழிப்படுத்துதல். இவ்வுத்திகள் நோயாளிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. எல்லோரும் கையாள்பவையே, ஒரே உத்தி இறுகி, வாழ்வை முடக்கும்போதே அது நோயாகிறது.

பிரிவுகளும் மறுப்புகளும்

1902இல் பிராய்டின் வீட்டில் புதன்கிழமை தோறும் கூடத் தொடங்கிய சிறுகுழு, 1910இல் பன்னாட்டுச் சங்கமாக வளர்ந்தது. பிரிவுகளும் உடனே வந்தன. பாலுந்தலைவிடத் தாழ்வுணர்ச்சியும் அதனை ஈடுசெய்யும் முயற்சியுமே ஆளுமையை ஆக்குகின்றன என்ற ஆல்பிரட் அட்லர் 1911இல் விலகினார். சங்கத்தின் முதல் தலைவரான கார்ல் யுங், லிபிடோவைப் பொதுவான மன ஆற்றலாகக் கண்டு, கூட்டு நனவிலி என்ற கருத்தை நோக்கி நகர்ந்தார். 1913இல் நட்பு முறிந்தது. பெண்கள் பற்றிய பிராய்டின் கருத்துகள் ஆணின் பார்வையில் எழுந்தவை என்று கேரன் ஹார்னி மறுத்தார். எரிக் எரிக்சன் 1950இல் வளர்ச்சியை வாழ்நாள் முழுவதற்கும் நீட்டி, எட்டு உளச்சமூகப் பருவங்களாக வகுத்தார்.

இந்தியாவிலிருந்தும் ஒரு குரல் எழுந்தது. கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ், ஒடுக்குதல் குறித்த தம் ஆய்வேட்டுக்கு 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிராய்டைச் சந்திக்காமலே ஏறத்தாழ 16 ஆண்டுகள் அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். ஈடிபஸ் சிக்கலில் பிராய்டு வலியுறுத்திய தண்டனை அச்சம் ஐரோப்பிய நோயாளிகளிடம் முக்கியமாக இருக்கலாம். தம் இந்திய ஆண் நோயாளிகளிடம் பெண்ணாக இருக்கவேண்டும் என்ற விருப்பமே எளிதில் வெளிப்படுகிறது என்று போஸ் எழுதினார். பிராய்டு இதனை ஏற்கவில்லை. வியன்னாவில் கண்டது மனித இனத்துக்கே பொதுவானதா என்ற கேள்வியை, மரியாதை குறையாமல் எழுப்பியது அக்கடிதம்.

மதிப்பீடு

1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபின் லண்டனில் அடைக்கலம் புகுந்த பிராய்டு, 1939 செப்டம்பர் 23 அன்று அங்கே காலமானார். அவருடைய கோட்பாட்டின் மீதான விவாதம் ஓயவில்லை. எந்த நிகழ்வையும் விளக்கிவிடும் கோட்பாட்டைப் பொய்ப்பிக்க வழியே இல்லை. ஆகவே அது அறிவியல் ஆகாது என்று மெய்யியலாளர் கார்ல் பாப்பர் வாதிட்டார். எலிசபெத்தின் மறுப்பு எழுப்பிய அதே கேள்விதான் இது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் மருத்துவரே சரி என்றால், அவருடைய தவறு எப்படித் தெரியவரும்? சில நோயாளிகளின் வரலாறுகளிலிருந்து பொதுவிதி வகுத்ததும் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. உளப்பாலியல் பருவங்கள் ஆளுமையைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை; அவற்றை இன்றைய உளவியல் பெரும்பாலும் வரலாறாகவே கற்பிக்கிறது.

ஆயினும் சில கருத்துகள் நிலைத்தன. மன இயக்கத்தின் பெரும்பகுதி நனவுக்கு வெளியே நிகழ்கிறது என்பதை, பிராய்டு கூறிய வடிவில் அன்றி வேறு வடிவில், இன்றைய அறிதல் உளவியலும் ஏற்கிறது. இளமைக்கால உறவுகளின் தாக்கம் பிற்கால வாழ்வில் தொடர்கிறது என்பது ஜான் பௌல்பி போன்றோரின் பற்றுறவு ஆய்வுகளில் புதிய அடித்தளம் பெற்றது. நடிப்பு என்று ஒதுக்கப்பட்ட நோயாளிகள் சொல்வதை மணிக்கணக்கில் அமர்ந்து கேட்கும் வழக்கத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்ததில் பிராய்டின் பங்கு பெரிது. அவர் கேட்டதை எப்போதும் சரியாகப் புரிந்துகொண்டார் என்று கூற முடியாது. தம் விளக்கம் போதவில்லை என்று கண்டபோது 1897இலும், 1923இலும், 1926இலும் அவரே அதனை மாற்றி எழுதினார். எனவே இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்னும் அட்டவணையை முடிந்த முடிபாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு கருத்தும் எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்று அறிவதே இக்கோட்பாட்டைக் கற்கும் முறையாகும்.